இந்த ஆட்டம் எப்போது முடியும்?

செல்போன் விளையாட்டுகள்: ஆடிப் பார்த்தவர் சொல்கிறார்

சென்னை அசோக் நகரில் மெட்ரோ ரெயில் நிலையம் இருக்கிறது. காலை 9 மணிக்கு அங்கே ரெயில் ஏறிப் பாருங்கள்.

பெட்டி நிறையக் கூட்டம். ஆனால் பேச்சுச் சத்தமே இல்லை. எல்லோருடைய தலையும் குனிந்திருக்கிறது.

ஏன்? கையில் செல்போன்!

கல்லூரி மாணவர் ஒருவர் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு அம்மாள் வண்ண வண்ண மிட்டாய்களை நகர்த்துகிறார். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் சதுரங்கக் குதிரையை எங்கே வைப்பது என்று யோசிக்கிறார். அவர் இறங்கவேண்டிய ஆலந்தூர் வந்துவிட்டது. அது அவருக்குத் தெரியவில்லை!

முன்பு வீடியோ கேம் என்றால் வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு. அதற்குத் தனிக் கருவி வேண்டும். டெலிவிஷன் பெட்டியோடு இணைத்து ஆடவேண்டும். இன்று அப்படி இல்லை. செல்போன் உள்ள வீட்டில் எல்லாம் வீடியோ கேம் இருக்கிறது. பாட்டியும் ஆடுகிறார். பேரனும் ஆடுகிறான்.

அதனால் வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி எழுகிறது.

"இதை ஆடலாமா? பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?"

நான் பந்தயத்தில் கலந்துகொள்ளும் பெரிய ஆட்டக்காரன் அல்ல. வேலை முடிந்து அசோக் நகரில் உள்ள வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் ஆடுவேன். அவ்வளவுதான். கடந்த சில வாரங்களில் ஏழு ஆட்டங்களை ஆடிப் பார்த்தேன். ஒவ்வொரு ஆட்டத்திடமும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"நீ எப்போது முடிவாய்?"

ஏன் இந்தக் கேள்வி? கபடிக்கு முடிவு உண்டு. சினிமாவுக்கு முடிவு உண்டு. வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடும் பரமபதத்துக்கும் முடிவு உண்டு. பாம்புக்குத் தப்பி, ஏணியில் ஏறி, மேல் கட்டத்துக்குப் போய்விட்டால் ஆட்டம் முடிந்தது. எழுந்து போய் வேறு வேலை பார்க்கலாம்.

முடிவே இல்லாத ஆட்டம் என்றால், எப்போது எழுந்திருப்பது?

மாஸ்கோவில் பிறந்த கட்டை

முதலில் ஆடியது டெட்ரிஸ். பழைய வீடியோ கேம் இது.

ஆண்டு 1984. ஊர் மாஸ்கோ. அங்கே அறிவியல் கழகத்தின் கம்ப்யூட்டர் மையத்தில் அலெக்சி பஜித்னாவ் என்பவர் வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் அவர் இந்த ஆட்டத்தை உருவாக்கினார்.

ஆட்டம் மிகச் சுலபம். மேலிருந்து கட்டைகள் விழும். மொத்தம் ஏழு வகைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு சதுரங்கள். அவற்றைத் திருப்பித் திருப்பி, இடைவெளி இல்லாமல் அடுக்கவேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் அது மறைந்துவிடும். கட்டைகள் உச்சியைத் தொட்டால் தோற்றோம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட ஒரே நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். ரெயிலில் சாமான் அடுக்கத் தெரிந்தவருக்கு இது இன்னும் சுலபம்!

இந்த ஆட்டம் எப்போது முடியும்? தோற்றால் முடியும். ஜெயித்து முடிக்க முடியாது என்றுதான் பல ஆண்டுகள் நினைத்தார்கள். 2023 டிசம்பரில் ஒரு அதிசயம் நடந்தது. அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் 1989-ம் ஆண்டில் வெளிவந்த பழைய டெட்ரிசை ஆடினான். சுமார் 40 நிமிடம் ஆடினான். கடைசியில் கணக்குத் தாங்காமல் ஆட்டமே உறைந்து நின்றுவிட்டது! மனிதர் ஒருவர் அந்த ஆட்டத்தை அதுவரை கொண்டுபோனது அதுதான் முதல் தடவை.

நான் 5 நிமிடத்தில் தோற்றுப் போகிறேன். அதில் வெட்கம் இல்லை. 5 நிமிடத்தில் மூளைக்கு ஒரு குளியல் போட்டதுபோல் இருக்கிறது.

என் கருத்து: தாராளமாக ஆடலாம்.

மிட்டாய்க் கடை

அடுத்தது கேண்டி கிரஷ். 2012-ம் ஆண்டில் வெளிவந்தது. கிங் என்ற நிறுவனம் தயாரித்தது.

ஒரே நிற மிட்டாய்கள் மூன்றைச் சேர்த்தால் அவை வெடித்து மறையும். சொன்ன எண்ணிக்கைக்குள் சொன்ன வேலையை முடித்தால் ஒரு லெவல் முடிந்தது. அடுத்த லெவல் வரும். இப்படிப் பல ஆயிரம் லெவல்கள் இருக்கின்றன. புதிது புதிதாகச் சேர்த்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

இதில் ஒரு நல்லது உண்டு. உங்களுக்கு ஐந்து உயிர்கள்தான். ஐந்திலும் தோற்றால் ஆட்டம் நின்றுவிடும். ஓர் உயிர் திரும்ப வர அரை மணி நேரம் ஆகும். அதற்குள் அடுப்பில் உள்ள சாம்பாரை இறக்கிவிடலாம்!

கெட்டது என்ன? கேளுங்கள்.

பல தடவை கடைசி நேரத்தில்தான் தோற்போம். "இன்னும் ஒரே ஒரு நகர்த்தல் இருந்தால் ஜெயித்திருப்போமே!" என்று மனம் துடிக்கும். அந்த நேரம் பார்த்து ஆட்டம் கேட்கும்: "இன்னும் ஐந்து நகர்த்தல்கள் வேண்டுமா? தங்கக் கட்டி கொடு." அந்தத் தங்கக் கட்டியைப் பணம் கொடுத்து வாங்கலாம்.

ஆசை உச்சியில் இருக்கும்போது விலை சொல்வது கெட்டிக்கார வியாபாரியின் வேலை. திருவிழாக் கடையில் பிள்ளை அழும்போது பொம்மைக்காரர் விலையைக் குறைப்பாரா?

என் கருத்து: ஐந்து உயிரோடு நிறுத்துங்கள். பணம் வேண்டாம். பிள்ளைகள் ஆடும் போனில் பணம் செலுத்தும் வசதியைப் பூட்டி வையுங்கள்.

ஓடு! ஓடு!

மூன்றாவது, டெம்பிள் ரன். 2011-ம் ஆண்டில் வந்தது. அமெரிக்காவில் கணவனும் மனைவியும் தொடங்கிய ஒரு சின்ன நிறுவனம் இதைத் தயாரித்தது.

ஒருவன் பழைய கோவிலில் சிலையைத் திருடுகிறான். குரங்கு போன்ற பயங்கர மிருகங்கள் துரத்துகின்றன. அவன் ஓடுகிறான். நாம் விரலால் இழுத்து அவனைத் திருப்பவேண்டும், தாண்ட வைக்கவேண்டும், குனிய வைக்கவேண்டும்.

சிலை திருடியவன் கடைசியில் தப்பிப்பானா? மாட்டான்! இந்தப் பாதைக்கு முடிவே கிடையாது. எவ்வளவு கெட்டிக்காரர் ஆடினாலும், கடைசியில் அவன் விழத்தான் வேண்டும். "எவ்வளவு தூரம் ஓடினாய்?" என்பதுதான் கணக்கு.

ஓர் ஆட்டம் இரண்டு மூன்று நிமிடம்தான். ஆனால் விழுந்த அடுத்த வினாடியே "மறுபடியும் ஓடு" என்ற பொத்தான் வந்து நிற்கிறது. மூச்சு வாங்க நேரம் இல்லை. ஆட்டம் சிறியது. ஆனால் ஆடும் நேரம் பெரியதாகிவிடுகிறது.

என் கருத்து: பஸ்சுக்குக் காத்திருக்கும்போது ஆடலாம். படுக்கையில் வேண்டாம்.

தாயக்கட்டை திரும்பி வந்தது

நான்காவது, லூடோ கிங். இது நம் நாட்டுத் தயாரிப்பு. நவி மும்பையில் உள்ள கேமிஷன் என்ற நிறுவனம் 2016-ல் வெளியிட்டது. அதன் தலைவர் விகாஷ் ஜெய்ஸ்வால்.

லூடோ எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் நாட்டுப் பச்சிசி ஆட்டம்தான் அதற்குத் தாய். வெள்ளைக்காரர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். லூடோ என்று பெயர் வைத்தார்கள். திரும்ப நமக்கே விற்றார்கள்! நம் ஊர்த் தாயமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. யாரும் யார் வீட்டுக்கும் போக முடியவில்லை. அப்போது லூடோ கிங் நாடு முழுவதும் பரவியது. ஊரடங்கு போனது. ஆட்டம் போகவில்லை.

என் அம்மாவுக்கு வயது 66. அவருடைய தங்கை திருநெல்வேலியில் இருக்கிறார். இரவு 8 மணிக்கு இருவரும் போனில் லூடோ ஆடுகிறார்கள்.

"என் காயை வெட்டிப்புட்டியே, நீ நல்லா இருப்பியாடி!" என்று அம்மா கத்துவார்.

"சின்ன வயசுல நீ என்னை ஏமாத்துனதுக்கு இதுதான் பலன்க்கா!" என்று அந்தப் பக்கத்தில் சித்தி சிரிப்பார்.

நான்கு காய்களும் பழமானால் ஆட்டம் முடிந்தது. அதன் பிறகு இருவரும் அரை மணி நேரம் ஊர்க்கதை பேசுகிறார்கள். ஆட்டம் ஒரு சாக்கு. பேச்சுதான் முக்கியம்!

என் கருத்து: குடும்பத்தோடு ஆட ஏற்றது. விளம்பரங்கள்தான் தொல்லை. பணம் வைத்து ஆடும் லூடோ செயலிகளும் இதே சாயலில் வந்தன. பெயரைப் பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள்.

காசு கேட்காத சதுரங்கம்

ஐந்தாவது, சதுரங்கம். சென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விசுவநாதன் ஆனந்தின் ஊர் இது. 2024 டிசம்பரில் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆன குகேசும் சென்னைப் பிள்ளைதான்.

நான் ஆடுவது லிச்செஸ் என்ற செயலியில். பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஒருவர் 2010-ல் தொடங்கினார். ஆடக் கட்டணம் இல்லை. விளம்பரம் இல்லை. விருப்பம் உள்ளவர்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது.

பத்து நிமிட ஆட்டம் என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்குப் பத்து நிமிடம்தான். கடிகாரம் ஓடும். நேரம் தீர்ந்தால் தோற்றீர்கள். அதிகபட்சம் 20 நிமிடத்தில் ஆட்டம் முடிந்தே தீரவேண்டும். முடிந்தபின், எங்கே தவறினீர்கள் என்று ஆட்டமே காட்டுகிறது.

ஒரு நாள் எனக்கு எதிரே ஆடியவர் பிரேசில் நாட்டுக்காரர். அவர் பேசும் மொழி எனக்குத் தெரியாது. என் மொழி அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் என் மந்திரியைப் பிடித்தபோது சிரித்திருப்பார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்!

என் கருத்து: பிள்ளைகளுக்கு முதல் ஆட்டமாக இதைக் கொடுங்கள்.

100 பேர், ஒரு தீவு

ஆறாவதுதான் பெற்றோர்கள் பயப்படும் ஆட்டம். அதன் பெயர் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா. பிள்ளைகள் சுருக்கமாக பி.ஜி.எம்.ஐ. என்பார்கள்.

இது முன்பு பப்ஜி என்ற பெயரில் இருந்தது. 2020 செப்டம்பர் 2-ந் தேதி மத்திய அரசு 118 செயலிகளுக்குத் தடை போட்டது. அதில் பப்ஜியும் ஒன்று. 2021 ஜூலையில், கிராப்டன் என்ற தென் கொரிய நிறுவனம் புதுப் பெயரில் அதைக் கொண்டுவந்தது. 2022 ஜூலையில் அதுவும் முடக்கப்பட்டது. 2023 மே மாதம் மறுபடியும் வந்தது. பூனைக்கு ஒன்பது உயிர் என்பார்கள்!

100 பேர் விமானத்தில் இருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். துப்பாக்கிகளைத் தேடி எடுக்கிறார்கள். ஒருவரை ஒருவர் சுடுகிறார்கள். கடைசியில் மிஞ்சுகிறவர்தான் வெற்றி வீரர்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் என் அக்கா மகன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான்.

"மாமா, ஓடாதீங்க! புல்லுல படுங்க!" என்றான்.

நான் படுத்தேன். படுத்த இடத்திலேயே சுடப்பட்டேன்.

நான்கு பேர் கூடி ஆடும்போது இதில் ஒரு அழகு இருப்பதை மறுக்க முடியாது. ஒருவன் அடிபட்டால் மற்றவன் ஓடிவந்து தூக்குகிறான். மருந்துப் பெட்டியைப் பங்கு போடுகிறார்கள். அடையாற்றில் ஒரு பையன், மயிலாப்பூரில் ஒரு பையன், அசோக் நகரில் இவன். மூவரும் ஒரே பள்ளி.

ஆனால் ஓர் ஆட்டம் சுமார் அரை மணி நேரம். நடுவில் நிறுத்த முடியாது. "சாப்பிட வாடா!" என்று அக்கா கூப்பிட்டால், "இதோ, செத்ததும் வர்றேம்மா!" என்கிறான். கேட்கிற தாய்க்கு எப்படி இருக்கும்?

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். நேரக் கணக்கை விட்டுவிட்டார். ஆட்டக் கணக்கு வைத்தார். "நாளைக்கு இரண்டு ஆட்டம். அதுவும் வீட்டுப்பாடம் முடிந்த பிறகு" என்றார். பையன் ஒப்புக்கொண்டான். ஆட்டத்தின் நடுவில் போனைப் பிடுங்கும் சண்டை நின்றது.

என் கருத்து: சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பெரிய பிள்ளைகள் எண்ணிக்கை வைத்து ஆடலாம். இரவில் போன் பெற்றோர் அறையில் தூங்கட்டும்.

வெண்பாவின் சமையல் அறை

ஏழாவது ஆட்டத்தில் சண்டை இல்லை. ஓட்டம் இல்லை. இட்லி இருக்கிறது!

ஆம்! ஆட்டத்தின் பெயர் வெண்பா. 2023 ஜூலை மாதம் வெளிவந்தது. கனடாவின் டொரன்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் நிறுவனம் தயாரித்தது. இதை உருவாக்கியவர் அபி என்ற தமிழர். இதைக் கம்ப்யூட்டரில் ஆடினேன்.

வெண்பா ஒரு தமிழ்ப் பெண். கணவர் பெயர் பாவலன். 1980-களில் தமிழ்நாட்டை விட்டுக் கனடாவுக்குப் போகிறார்கள். அங்கே கவின் என்ற மகன் பிறக்கிறான்.

வெண்பாவிடம் தன் தாயார் கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறது. பல இடங்களில் எழுத்து அழிந்துவிட்டது. விட்டுப்போனதை நாம் யோசித்துக் கண்டுபிடிக்கவேண்டும். இட்லித் தட்டுகளை ஆவி புகும்படி எப்படி அடுக்குவது? புட்டுக்குழாயில் எதற்குப் பின் எதைப் போடுவது? சமையல் தெரிந்த அம்மாக்கள் இந்த ஆட்டத்தில் இளைஞர்களைத் தோற்கடித்துவிடுவார்கள்!

ஆனால் சமையல் பாதிதான். மீதி என்ன?

மகன் வளர்கிறான். வீட்டுச் சாப்பாட்டைப் பள்ளிக்குக் கொண்டுபோக வெட்கப்படுகிறான். தாய் தமிழில் பேசினால் பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். பின்னர் ஒரு நாள், வளர்ந்த மகன் தாயின் நோட்டைத் திறக்கிறான். தமிழைப் படிக்க முடியாமல் தடுமாறுகிறான். அந்த இடத்தில் ஆடுகிறவரின் விரல் நின்றுவிடுகிறது.

என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம வீட்டுலயும் அந்த நோட்டு இருக்குடா" என்றார். எழுந்து போய்ப் பரணில் இருந்து பாட்டியின் நோட்டை எடுத்துவந்தார். அதில் மிளகு குழம்புப் பக்கத்தில் எண்ணெய்க் கறை. அளவு அழிந்திருந்தது. "மூணு ஸ்பூன்" என்று அம்மா பேனாவால் எழுதினார்.

2024-ல் பிரிட்டனின் பாப்டா அமைப்பு, முதல் படைப்புக்கான பரிசை வெண்பாவுக்குக் கொடுத்தது. சிறு நிறுவனங்களின் விளையாட்டுகளுக்காக அமெரிக்காவில் நடக்கும் விழாவிலும் அதே ஆண்டு அதற்குத்தான் முதல் பரிசு.

இது எப்போது முடியும்? ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு சினிமாவைவிடக் குறைவு. மறுபடி ஆடு என்று அது கெஞ்சுவதில்லை.

என் கருத்து: ஏழிலும் சிறந்தது இதுதான். குடும்பத்தோடு உட்கார்ந்து ஆடுங்கள்.

ஆடாத ஆட்டம்

ஒரு வகை ஆட்டத்தை மட்டும் நான் ஆடவில்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் சூதாட்டம்.

எங்கள் பகுதியில் எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். மின்விசிறி பழுது பார்க்க வந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அண்ணே, போன்ல என்ன ஆட்டம் ஆடுவீங்க?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. "ரம்மி ஆடினேன் சார். முதல் நாள் 800 ரூபாய் வந்துச்சு. அதோட விட்டிருக்கணும். பொண்ணு காலேஜ் பீசுக்கு வெச்சிருந்த பணம் எல்லாம் போச்சு. விட்டதைப் பிடிச்சிடலாம்னு நெனச்சேன் சார்" என்றார்.

"விட்டதைப் பிடிப்பது" என்ற அந்த ஆசைக்குத்தான் முடிவே கிடையாது.

தமிழ்நாட்டில் உயிர்களே போயின. அதனால் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்யச் சட்டசபை 2022-ல் மசோதா நிறைவேற்றியது. கவர்னர் திருப்பி அனுப்பினார். சட்டசபை மறுபடி நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் சட்டம் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு சட்டத்தை ஏற்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றுக்குத் தடை பொருந்தாது என்றது. 2025-ல் தமிழக அரசின் புது விதி வந்தது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்றது. அந்த விதியை ஐகோர்ட்டு ஏற்றது.

2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே சட்டம் இயற்றியது. ஆகஸ்டு 22-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். திறமை ஆட்டமோ, அதிர்ஷ்ட ஆட்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றுக்கும் தடை என்கிறது அந்தச் சட்டம்.

சட்டம் வந்தாலும் கள்ளத்தனமாக அழைப்பு வரலாம். "100 ரூபாய் இலவசம்" என்று செய்தி வந்தால் தொடாதீர்கள். பணம் ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

எது எல்லை?

எவ்வளவு ஆடினால் ஆபத்து? உலகச் சுகாதார நிறுவனம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள அதன் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனமும் இடம் பெற்றிருக்கிறது.

மூன்று அடையாளங்கள்:

ஒன்று: நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாது.

இரண்டு: சாப்பாடு, படிப்பு, உறவு எல்லாவற்றையும்விட ஆட்டமே பெரிதாகிவிடும்.

மூன்று: கெடுதல் வருகிறது என்று தெரிந்தும் ஆட்டம் தொடரும்.

இந்த மூன்றும் பொதுவாக 12 மாதம் நீடித்தால் அது நோய். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளை அதிக நேரம் ஆடிவிட்டான் என்பதற்காக அவனை நோயாளி ஆக்கவேண்டாம். ஆனால் அடையாளம் தெரிந்தால் மறைக்கவும் வேண்டாம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லாமல் பேசலாம்.

வாசகர்களே! செல்போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆட்டம் கூடாது என்றும் சொல்லவில்லை. தாயக்கட்டை உருண்ட காலத்தில் இருந்து நாம் ஆடி வந்தவர்கள்தான்.

இன்று மாலை உங்கள் பிள்ளை போனில் ஆடும்போது, பக்கத்தில் போய் உட்காருங்கள். "இந்த ஆட்டம் எப்போது முடியும்?" என்று கேளுங்கள்.

"இன்னும் பத்து நிமிடத்தில்" என்று பதில் வந்தால் காத்திருங்கள். அடுத்த ஆட்டத்தில் நீங்களும் ஒரு கை சேர்ந்துகொள்ளுங்கள்.

"முடியவே முடியாது" என்று பதில் வந்தால், எப்போது நிறுத்துவது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அந்த முடிவை ஆட்டம் செய்யாது. நாம்தான் செய்யவேண்டும்.